செல்லாயி அடக்கி வைத்தது

லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்களுக்கு மூக்கும் நீளம், நாக்கும் நீளம். எந்த வீட்டில் கருவாடு வறுபடுகிறது, எந்த வீட்டில் வெறும் கஞ்சியோடு சரி என்பதையெல்லாம் அவரவர் வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று பாவாடையிலேயே வெளிக்குப் போக ஆரம்பித்தால் அதை எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்? கருப்பம்மாளால் நாலு நாள்கூட முடியவில்லை.

குழந்தை அவள் பெற்றது இல்லை. சன்னாசியின் மூத்த தாரம் வீராயி பெற்றது. வீராயி சீதபேதியில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆனதும், கங்காணி அர்ச்சுனன் பேசி முடித்து, பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒண்டியாகக் கிடந்த கருப்பம்மாளைச் சன்னாசிக்குக் கட்டி வைத்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு கல் உள்ளே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு அவள் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாசலில் நின்ற செல்லாயி அழவும் இல்லை, ஓடி ஒளியவும் இல்லை. "பெட்டிய உள்ள வெக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, தூக்க முடியாமல் தூக்கி, வாசற்படியில் இடித்துக்கொண்டாள். கருப்பம்மாளுக்குப் பிள்ளை பிறந்ததே இல்லை. அந்த நிமிஷமே குழந்தை மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது.

அவள் வந்த மூன்றாம் மாதம் இது ஆரம்பித்தது. மூன்று வயதிலேயே தானாகப் போய்க் கழுவிக்கொண்டு வந்த பிள்ளை என்று சன்னாசியே சொன்னான். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை பாவாடையில் கறை. கேட்டால், "எனக்குத் தெரியல சின்னாத்தா" என்பாள். தனக்குத் தெரியாமல் ஒருத்தி போவாளா? சன்னாசி அதை வீம்பு என்றான். லயத்துப் பெண்கள் அதை மாற்றாந்தாய்க் கொடுமை என்றார்கள். பச்சைப் பிள்ளையை என்ன செய்தாளோ, இப்படிக் கழிகிறது என்று குழாயடியில் கருப்பம்மாள் காதில் விழும்படியாகவே பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியாமல் பேசுகிற நல்ல குணம்கூட அவர்களுக்கு இல்லை.

ஒரு நாள் வெட்டிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பும்போது, செல்லாயி பள்ளிக்கூடத்தின் பின்பக்கப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலன் வாத்தியார் வெளியே வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான். பிரம்பு வைத்திருப்பார், அடிக்க மாட்டார்.

"இந்தாம்மா, நான் புள்ளயக் குத்தம் சொல்லல. ஆனா மத்ததுங்க மூக்கப் புடிச்சுக்கிட்டு எப்படிப் படிக்கும்? இந்த வாரத்துல இது மூணாவது தடவை. வயித்தச் சரி பண்ணி அனுப்புங்க."

வயிற்றைச் சரி பண்ண வேண்டும். அது கருப்பம்மாளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. வீம்பு என்றால் அடிக்க வேண்டும், வயிறு என்றால் மருந்து கொடுக்கலாம் அல்லவா?

அந்தத் தோட்டத்தில் பேதிக்கு ஓர் ஆளைக் கொடுக்காத வீடு கிடையாது. பேதி என்றால் கட்ட வேண்டும். அந்த வைத்தியத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருப்பம்மாள் சுங்கை சிப்புட் கடையில் மாதுளை ஓடு வாங்கி வந்து கஷாயம் வைத்தாள். ஜாதிக்காயை இழைத்து நாக்கில் தடவினாள். கீரை, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தினாள். தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தாள். பிள்ளை வடித்த சோற்றைச் சுட்ட கருவாட்டோடு தின்றுவிட்டு, "தாகமா இருக்கு சின்னாத்தா" என்று கேட்கும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு, உன் நல்லதுக்குத்தான்" என்பாள். அவள் அசட்டையாக இருந்திருந்தால் பிள்ளைக்கு இவ்வளவு கஷ்டம் வந்திராது. கண்ணுங்கருத்துமாகப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று.

முதல் இரண்டு நாள் பாவாடை சுத்தமாக இருந்தது. கருப்பம்மாள் மாரியம்மனுக்கு மனதிலேயே சூடம் கொளுத்தினாள். மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக ஆயிற்று. அவள் கஷாயத்தைக் கூட்டினாள். அதுவும் கூடியது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. சன்னாசி ஒரு நாள் இடுப்பு வாரைக் கழற்றிப் பிள்ளையை இரண்டு விளாசு விளாசிவிட்டு, சோறு தின்னாமல் வெளியே போய்விட்டான். செல்லாயி அடி வாங்கும்போதும் காலை இறுக்கிச் சேர்த்துக்கொண்டுதான் நின்றாள். அதைக் கருப்பம்மாள் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்திரையில் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா வந்தது. கருப்பம்மாள் பிள்ளைக்கு மஞ்சள் பாவாடை தைத்துப் போட்டு, தலை வாரி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பால் குடம் எடுத்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். உடுக்கை அடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்ற பெண் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாளையும் செல்லாயியையும் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. பூசாரி வந்து அவர்கள் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியாது. சன்னாசி பின்னாலேயே வந்தான்.

"நம்ம லயத்துப் பத்துமலை அண்ணன் குடும்பம் அடுத்த மாசக் கப்பல்ல ஊருக்குப் போகுதுல்ல? இவளையும் அதுகளோட அனுப்பிருங்க. உங்க அண்ணன் வீட்டுல கெடக்கட்டும். என்னால ஆவாது" என்றாள் கருப்பம்மாள்.

சன்னாசி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவள் யோசிக்கவே இல்லை. ஆனால் சன்னாசி மறுநாளே கங்காணியிடம் சொல்லி, ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் சொல்லி, ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலில் செல்லாயியின் பேரை எழுத வைத்தான். அண்ணனுக்குக் கடிதமும் போட்டான். எதற்கும் ஆடி அசைந்து போகிறவன் இதில் அத்தனை வேகம் காட்டியது கருப்பம்மாளுக்குத் திக்கென்று இருந்தது. வாய்விட்டுச் சொன்னதை அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். வயிற்றில் எண்ணெய் வைத்துத் தடவும்போது கை நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் கெட்டியாக ஏதோ இருந்தது. காய்ந்த களிமண் உருண்டை மாதிரி. அழுத்தினால் செல்லாயி பல்லைக் கடித்தாள். கட்டி! கருப்பம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எண்ணெய்த் தலையோடு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டிரசர் வீட்டுக்கு ஓடினாள். ஏழு வயசுப் பிள்ளை. கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. போகும் வழி தெரிந்ததும் செல்லாயி, "வேணாம் சின்னாத்தா, அங்க வேணாம் சின்னாத்தா" என்று அவள் கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கட்டிக்கொண்டாள்.

டிரசர் சூசைநாதன் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். மருந்து கலப்பதும் புண் கட்டுவதும் அவர் வேலை. அப்போதுதான் ஈப்போவிலிருந்து வந்த மருந்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். கருப்பம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னாள், தன் கவனத்தைப் பார்த்து அவர் மெச்சுவார் என்று.

"அம்மா, இது கழிச்சல் இல்ல" என்றார் அவர். "இது மலக்கட்டு. கட்டின்னு நெனச்சீங்களே, அது எத்தன வாரத்துச் சாமானோ. புள்ள அடக்கி அடக்கி உள்ள கல்லா கெடக்கு. அது மேல தண்ணியாட்டம் இருக்கிறது சந்துல கசிஞ்சு எறங்குது. அது எறங்கறது நெசமாவே அவளுக்குத் தெரியாது. நீங்க என்னடான்னா மாதுளை ஓட்டக் கொடுத்து இன்னும் இறுக்கி வெச்சிருக்கீங்க."

கருப்பம்மாள் பிள்ளையைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். தாகமாக இருக்கிறது என்று பிள்ளை கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"தெனம் காலைல கக்கூசுக்குப் போறேன்னுதானே சொல்லுவா" என்றாள்.

"ஏம்மா செல்லாயி, போறதில்லையா?" என்று டிரசர் கேட்டார். செல்லாயி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கருப்பம்மாளின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். கருப்பம்மாள் தலையைத் தடவித் தடவி, அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, மெல்ல மெல்லக் கேட்டாள். கடைசியில் சேலைக்குள்ளிருந்தே பிள்ளை சொன்னது:

"ஆத்தா கக்கூசுக்குப் போயி போயித்தான் டிரசருக்குத் தெரிஞ்சிருச்சு. அப்புறம் கட்டிலோட தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கக்கூசு பின்னால நின்னுட்டு வந்துருவேன். போவ மாட்டேன்."

சூசைநாதன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். வீராயியைத் தூக்கிவரச் சொன்னது அவர்தான். கக்கூசு கழுவுகிறவன் ரத்தம் பார்த்து வந்து சொல்ல, பேதி பரவக் கூடாதே என்று, அவர் நியாயமாகத்தான் செய்தார். பிறகு வந்து, பிள்ளைக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க ஆத்தாளுக்கு நோவு வந்துச்சு, அதான் தூக்கிட்டு வந்தேன். கக்கூசுக்குப் போனதுனால இல்ல. எல்லாரும்தான் போறாங்க. நானும் போறேன்" என்றார். செல்லாயி நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் சேலையை விலக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

வைத்தியம் மூன்று நாள் நடந்தது. விளக்கெண்ணெய், சோப்புத் தண்ணீர் எனிமா, மறுபடி விளக்கெண்ணெய். அந்த மூன்று நாளும் எப்படி இருந்தன என்று எழுதாமல் விடுகிறேன். பிள்ளை அலறியது லயம் முழுக்கக் கேட்டது. சன்னாசி காலையில் போனவன் பொழுது சாய்ந்துதான் வருவான். வந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை டிரசர் கருப்பம்மாளுக்குப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தார். தினமும் காலையில் கஞ்சி குடித்த சூட்டோடு கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. கூடவே இருக்க வேண்டும். பாவாடை அழுக்கானால் திட்டாமல், முகம் சுளிக்காமல் மாற்றிவிட வேண்டும். கீரை, பழம், வேண்டிய மட்டும் தண்ணீர். மாசக் கணக்கில் ஆகும், நடுவில் மோசமாகும், பயப்படக் கூடாது.

காலையில் கூட இருப்பது என்றால் சும்மா இல்லை. இருட்டோடு பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. கருப்பம்மாள் மூன்றாம் சாமத்துக்கு எழுந்து கஞ்சி வைத்து, பிள்ளையை எழுப்பிக் குடிக்க வைத்து, லயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கக்கூசுக்குக் கூட்டிப்போவாள். கதவைச் சாத்த மாட்டாள். வாசலில் குந்திக்கொண்டு, செல்லாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பீடோர்த் தோட்டத்தில் ஆடு வளர்த்த கதையைச் சொல்வாள். அந்த ஆட்டுக்குக் கங்காணியின் தலைப்பாகையைத் தின்கிற பழக்கம் இருந்தது. தலைப்பாகை வருகிற இடத்தில் செல்லாயிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் வயிறு இளகும். பெரட்டுக்கு அவள் கடைசியில் ஓடிவந்து நிற்பாள். "மகாராணி வந்துட்டாங்க லா" என்பார் அர்ச்சுனன் கங்காணி. மலைச்சரிவில் யாருக்கும் வேண்டாத மர நிரையைப் பார்த்து அவளுக்குக் கொடுப்பார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள்.

முதல் வாரம் நான்கு பாவாடை நாறின. இரண்டாம் வாரம் ஒன்று. அதற்கப்புறம் பன்னிரண்டு நாள், ஒரு கறைகூட இல்லை. வாத்தியார் செல்லாயியை வாசலோரத்திலிருந்து எழுப்பி நடு வரிசையில் உட்கார வைத்தார். பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. "சின்னாத்தா" என்று கூப்பிடுவதில் முன் பாதி ஒரு நாள் விழுங்கிப் போய், "ஆத்தா" என்று மட்டும் வந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது.

கருப்பம்மாள் முதலில் ஆபீசுக்குத்தான் போனாள். கிராணி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "அப்பன் வந்து சொன்னா பட்டியல்ல பேர அடிச்சிரலாம். நீ சொல்லி எப்படி அடிக்கிறது? நீ பெத்தவளா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சட்டப்படி கேட்டார்.

டிரசரும் சன்னாசியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். அன்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் கருப்பம்மாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர அடிக்கச் சொல்லுங்க. அவ நல்லாயிட்டா. பன்னெண்டு நாளு."

"பதிமூணாம் நாளு?"

"ஆனா ஆவட்டும். நான் தொவைக்கிறேன். உங்களுக்கு என்ன?"

"அனுப்பச் சொன்னது நீ."

"நான்தான் சொன்னேன். தப்பு. வாய் தவறிச் சொன்னேன்னு நெனச்சுக்குங்க."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

"நீ சொல்லாட்டி எனக்கு அந்த நெனப்பே வந்திருக்காது. நீ சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது, எனக்கும் அதுதான் வேணும்னு. எனக்கு அவள நிமுந்து பாக்க முடியல கருப்பம்மா. வீராயியத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு நான் பால் மரம் வெட்டப் போயிட்டேன். வவுத்து வலின்னு சொன்னா. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். இந்தப் புள்ளதான் தனியா நின்னு பாத்துச்சு. அது என்னைப் பாக்கறப்பல்லாம் அதத்தான் கேக்குற மாதிரி இருக்கு."

"அது ஒண்ணும் கேக்கல. சின்னப்புள்ள."

"எனக்குக் கேக்குதே" என்றான் சன்னாசி.

கருப்பம்மாளால் அவனை வெறுக்கவும் முடியவில்லை. அவனை அசைக்கவும் முடியவில்லை. நாலு நாளும் கெஞ்சினாள். நாலு நாளும் அவன் அதே பதிலைச் சொன்னான். தான் ஒரு தடவை வாயைத் திறந்ததில், அவன் மனதுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றுக்கு வழி விட்டுக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. இது புரிந்து என்ன லாபம்?

புறப்படுகிற அன்று மாட்டு வண்டியில் சுங்கை சிப்புட் ஸ்டேசனுக்குப் போனார்கள். சன்னாசி தோட்டத்துச் சடக்குப் பாதை முனை வரை வந்து, பிள்ளையின் தலையில் கை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்குள் போய்விட்டான். இனி பிறை என்ற ஊரில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து கப்பல் என்று பயணம். பத்துமலையும் அவன் பெண்சாதியும் மூட்டைகளை எண்ணுவதிலேயே இருந்தார்கள். கருப்பம்மாள் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கஞ்சி குடிச்ச ஒடனே கூட்டிட்டுப் போங்க அக்கா. அவசரப்படுத்தாதீங்க. கையப் புடிச்சுக்கணும். கதவ மட்டும் சாத்திராதீங்க."

"ஆவட்டும், ஆவட்டும். எனக்கு நாலு புள்ளைங்க. எனக்குத் தெரியாததா?" என்றாள் அவள். அவள் கண் மூட்டை மேலேயே இருந்தது. கப்பலில் எழுநூறு எண்ணூறு சனத்துக்கு நடுவில், நாலு பிள்ளைக்காரி, ஐந்தாவது ஒன்றுக்காகக் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாளா? கருப்பம்மாளுக்குப் பதில் தெரியும். ஊரில் அந்தப் பெரியப்பன் வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன மனுஷர்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ரயில் வந்தது. செல்லாயியைத் தூக்கிச் சன்னலோரத்தில் உட்கார வைத்தாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்தாள். பிள்ளை அழவில்லை. அவளுக்கு இது என்ன பிரயாணம் என்று சரியாகச் சொல்லவும் இல்லை யாரும். ஊருக்கு, பெரியப்பா வீட்டுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருப்பம்மாளைப் பார்த்தாள்.

"நீ ஏறலையா?"

"நான் வரல கண்ணு."

"எப்ப வருவ?"

பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த கப்பலில் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மாதுளை ஓட்டுத் தண்ணீரை உன் நல்லதுக்கு என்று சொல்லிக் கொடுத்த வாயால் இன்னொரு தடவை அப்படிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"நான் வர மாட்டேன்டி. உன்ன அனுப்பச் சொன்னதே நான்தான். அன்னிக்குத் திருவிழாவுல கோவத்துல சொல்லிட்டேன். உன் மேல தப்பு இல்ல. என் மேலதான்."

செல்லாயி அதை யோசித்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வாய்ப்பாடு யோசிக்கிற மாதிரி யோசித்தாள். கார்டு விசிலை ஊதினான். பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அசைந்தன.

"இப்பத்தான் பாவாடையில போறதில்லையே ஆத்தா" என்றாள் அவள். "இன்னிக்கும் போயிட்டு வந்தேனே. நீ பாத்தியே."

கருப்பம்மாள் பார்த்திருந்தாள். ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள்.